நமசிவாயம் மாஸ்ரரின் பிழைதிருத்தம்

அத்தியாயம் 14

இராசநாயகம் அன்றைக்கும் நாலரைக்கே எழும்பிவிட்டார். முப்பத்தேழு வருடம் ரயில்வேயில் இருந்து ஸ்ரேசன் மாஸ்ரராக இளைப்பாறிய மனிதரை எழுப்பச் சேவல் தேவையில்லை. ஆனால் எழும்பிய பிறகும் கட்டில் ஓரத்திலேயே கால் மணி நேரம் இருந்தார். உடம்பில் நோவு ஒன்றும் இல்லை. அலுப்புத்தான். எழுபத்து நாலு வயதின் அலுப்பு அல்ல. பெற்ற மகளோடு மூன்று நாள் கதைக்காமல் இருந்த அலுப்பு.

மூன்று நாளைக்கு முன்னர்தான் வினோஜா அந்த மண்ணிற உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். போன வருடம் காலமான பெரியப்பாவின் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததாம். உள்ளே அந்தப் பெரியப்பா நமசிவாயம் மாஸ்ரர் தன் கையாலேயே எழுதிவைத்திருந்த தன்னுடைய கல்வெட்டு.

"அப்பா, இதிலை அத்தையின்ரை பெயர் இருக்கு."

"உனக்கு அத்தை எண்டு ஒருத்தரும் இல்லை," என்றார் இராசநாயகம். உறையைத் தொடவும் இல்லை.

அத்தோடு வீட்டில் கதை நின்றது.

கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்லில் வெட்டுவதல்ல, கடதாசியில் அடிப்பது. ஆள் கண்ணை மூடி முப்பத்தோராம் நாள், அந்தியேட்டிக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். இன்னாருக்குப் பிறந்தார், இன்னார் கூடப்பிறந்தார், இன்னாரைக் கைப்பிடித்தார் என்று பரம்பரை முழுவதையும் பாட்டாகக் கட்டியிருக்கும். ஒருவர் எழுந்து நின்று சபைக்கு வாசிப்பார். அதில் பெயர் வந்தால் உறவு. வராவிட்டால் ஒரு வயிற்றில் பிறந்திருந்தாலும் அந்நியம்.

நமசிவாயம் மாஸ்ரர் சரித்திரம் படிப்பித்தவர். கலியாணம் கட்டாதவர். ஐம்பது வருடமாகக் கொக்குவிலைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் செத்தாலும் அவரிடம்தான் கல்வெட்டுக்கு வருவார்கள். எழுதிக் கொடுப்பார். மற்றவர்கள் எழுதியதையும் தேடித் தேடிச் சேர்ப்பார். ஊரின் சரித்திரம் அரசமாரிடம் இல்லை, இந்த மெல்லிய புத்தகங்களில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி.

அப்படிப்பட்டவர் போனபோது அவருடைய கல்வெட்டை அச்சடிப்பித்தவர் தம்பி இராசநாயகம். அதில் 'கூடப் பிறந்த ஒருவன்' என்றிருந்தது. நடுவில் பிறந்த நாகேஸ்வரியின் பெயர் இல்லை.

நாகேஸ்வரி காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். ஐம்பது வருடத்துக்கு முன், மயிலிட்டியில் வள்ளம் வைத்திருந்த ஒரு கடற்தொழில் குடும்பத்துப் பிள்ளையைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனாள். தோட்டமும் கோயிலுமாக இருந்த வீட்டில் அது இடி விழுந்த மாதிரி. 'இனி எனக்குப் பிள்ளைகள் ரெண்டு' என்று தகப்பனார் ஒருமுறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லவில்லை. அவர் சொன்னதை அன்றிலிருந்து இராசநாயகம் காத்து வருகிறார்.

அன்று பின்னேரம் வாசிகசாலையில் மாஸ்ரரின் நினைவு விழாவும், அவர் சேர்த்த கல்வெட்டுகளை வைத்து வினோஜா செய்யும் கண்காட்சியும்.

மனைவி பாலேஸ்வரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வேட்டி அயர்ன் பண்ணி வைச்சிருக்கு. சால்வை எது, கரை போட்டதோ, வெள்ளையோ?"

"வெள்ளை."

"ஓம், உங்களுக்கு எல்லாம் வெள்ளை, இல்லாட்டிக் கறுப்பு."

"காலமையே தொடங்காதையும்."

"நான் எங்கை தொடங்கினன்? உங்கடை குடும்பக் கதையிலை வாய் திறக்கிறதில்லை எண்டு கலியாணம் முடிச்ச அண்டே தீர்மானிச்சனான். அதுதான் நாற்பத்திரண்டு வருசம் தாக்குப் பிடிச்சிருக்கிறன்."

தொலைபேசி அடித்தது. தம்பிஐயா. தகப்பனாரின் தமையன் மகன், எண்பத்தைந்து வயது. சொந்தத்துக்குள் நல்லது கெட்டது எல்லாம் அவர் தலையாட்டினால்தான் நடக்கும்.

"இராசநாயகம், வாசிகசாலைப் பெடியள் மயிலிட்டியிலை இருந்தும் பாட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறாங்களாம். உண்மையோ?"

"அப்பிடித்தான் நோட்டீசிலை இருக்கு அண்ணை."

"உவளும் வருவாள்."

இராசநாயகம் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார்.

"வந்தால் வரட்டும், பின்னாலை நிண்டு பாத்திட்டுப் போகட்டும். கல்வெட்டு வாசிக்கிறது நீதானே? கொப்பருக்கு, அதுதான் என்ரை சித்தப்பாவுக்கு, குடுத்த வாக்கு உன்ரை வாயிலைதான் இருக்கு. அவ்வளவுதான் சொல்லுவன்."

"எனக்குத் தெரியும் அண்ணை."

வினோஜா ஸ்கூட்டியில் ஏறுமுன் உள்ளே வந்து ஒரு ஃபைலை மேசையில் வைத்தாள். சித்திர ரீச்சர். விரலெல்லாம் பசை.

"பின்னேரம் வாசிக்கிறதுக்கு. ரெண்டும் இதுக்குள்ளை இருக்கு அப்பா. அச்சடிச்சதும், பெரியப்பா எழுதினதும்."

"கண்காட்சியிலை எதைத் தொங்கவிட்டனி?"

மூன்று நாளில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அவள் திரும்பாமல் வெளியே போனாள். ஸ்கூட்டி படலையைத் தாண்டிப் போய்விட்டது.

*

விழா மூன்று மணிக்கு. இராசநாயகம் பதினொன்றரைக்கே குடையோடு வெளிக்கிட்டார். மகள் எதைத் தொங்கவிட்டிருக்கிறாள் என்பதைச் சனம் வருமுன் பார்த்துவிடவேண்டும். கையெழுத்துப் பிரதி தொங்கினால் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வருவது. அதுதான் திட்டம். அதற்குமேல் யோசிக்கத் தெம்பு இல்லை.

ரயில் கடவையில் மறித்துவிட்டார்கள். வடக்கே போகிற ரயில் தடதடத்துக்கொண்டு போனது. இராசநாயகம் பழக்கதோசத்தில் மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு நிமிடம் பிந்தி. யாரிடம் சொல்வது?

வாசிகசாலை முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. செயலாளர் கோபிசங்கர் ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா வாங்கோ! என்ன நேரத்தோடை?"

"சும்மா பாப்பம் எண்டு."

உள்ளே போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மண்டபத்தின் நாலு சுவருக்கும் குறுக்கும் மறுக்குமாக நூல் கட்டி, அதில் கல்வெட்டுகள் கொடியில் காயப்போட்ட உடுப்பு மாதிரித் தொங்கின. முந்நூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றின் மேலும் ஒரு முகம். சண்டையில் போனவர்கள், சுகமில்லாமல் போனவர்கள், கனடாவில் கண்ணை மூடி இங்கே அச்சடிக்கப்பட்டவர்கள். மின்விசிறிக் காற்றில் எல்லாரும் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

நூலைத் தொட்டுப் பார்த்தார். பச்சை நைலோன்.

"இது எங்கை வாங்கினது தம்பி?"

"வாங்கேல்லை ஐயா," என்று வெளியிலிருந்து கோபிசங்கர் சத்தம் வைத்தான். "வலை பின்னுற நூல். வினோஜா ரீச்சருக்கு மயிலிட்டியாலை வந்தது."

அப்படியா சங்கதி. மகளுக்கும் மயிலிட்டிக்கும் போக்குவரத்து இருந்திருக்கிறது. தன் வீட்டுக்குள்ளேயே தனக்குத் தெரியாமல் ஒரு தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். கோபம் வரவேண்டும். வந்தது, ஆனால் பாதி வழியிலேயே களைத்துப்போய் நின்றுவிட்டது.

மூன்றாவது கொடியில் தகப்பனாருடையது தொங்கியது. 1984. தாள் பழுத்து ஓரம் உதிர்ந்திருந்தது. திறந்து பார்க்கத் தேவையில்லை. நாலாம் பக்கம், பன்னிரண்டாம் வரி, 'மக்கள் இருவர்'.

அதை அண்ணை எழுதியபோது மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவர் இராசநாயகம்தான். "இருவர் எண்டு போடுங்கோ அண்ணை. இல்லாட்டி நான் அச்சுக்குக் கொண்டுபோகமாட்டன்." அண்ணை பேனையின் மூடியைத் திறக்கிறதும் மூடுகிறதுமாகக் கன நேரம் இருந்தார். பிறகு எழுதினார்.

கடைசிக் கொடியின் கடைசியில் அண்ணையின் முகம். இராசநாயகம் கிட்டப் போய்ப் பார்த்தார். அச்சடித்ததுதான். கையெழுத்துப் பிரதி எங்கும் இல்லை. மகள் தகப்பன் மனதை மீறவில்லை. பெருமூச்சு விட்டுக்கொண்டு திரும்பியபோதுதான், பக்கத்துக் கொடிக்குப் பின்னால் நின்ற மனுசி இந்தப் பக்கம் வந்தாள்.

நூல் சேலை. முழுக்க நரைத்த தலை. செருப்பை வாசலில் விடாமல் கையில் பிடித்திருந்தாள். இடது தோளைக் கொஞ்சம் உயர்த்தி நிற்கிற நிலை தகப்பனாருடையது. கண்ணாடியில் பார்த்தால் இராசநாயகத்தின் நிலையும் அதுதான்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அண்ணையின் கல்வெட்டுக்கு முகத்தைக் கொண்டுபோய் வைத்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"கண்ணாடியை வானுக்குள்ளை விட்டிட்டன்," என்றாள். "ஒருக்கா வாசி, இராசன்."

அவரை இராசன் என்று கூப்பிட உலகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேரின் முகம் இந்தக் கொடிகளில் தொங்குகிறது.

வெளியே போயிருக்கலாம். வாசல் பத்து அடியில் இருந்தது. குடையைச் சுவரில் சாய்த்தார்.

"என்னத்தை வாசிக்கிறது?"

"அண்ணையின்ரை கல்வெட்டைத்தான். அந்தியேட்டிக்கு எனக்கு ஆரும் சொல்லேல்லை. ஊர் முழுக்கக் கேட்டிட்டுது. கூடப்பிறந்தவள் நான் இன்னும் கேக்கேல்லை. வாசியன்."

இராசநாயகம் கல்வெட்டைக் கொடியிலிருந்து கழற்றினார். தொண்டையைச் செருமினார். முதலாம் பக்கம் சுகமாகப் போனது. ஊர்ப் பெருமை, குலப் பெருமை, தாய் தகப்பன். அடுத்த பக்கத்தைப் புரட்டும்போதே அந்த வரி, தூரத்தில் விழாமல் நிற்கிற ரயில் கைகாட்டி மாதிரிக் கண்ணில் பட்டது. நிறுத்தலாம். ஏதாவது ஒரு சொல்லைச் செருகி வாசிக்கலாம், கண்ணாடி இல்லாதவளுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் இல்லாததை இருக்கிறதாக வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இருந்தபடியே வாசித்தார்.

"கூடப் பிறந்த ஒருவன் குணமுடைய இராசநாயகன்
நாடறியப் பணிசெய்தோன் நல்லதுணை யாய்நின்றான்…"

குரல் நின்றது.

"ம். பேந்து?" என்றாள் நாகேஸ்வரி.

அவள் அழுதிருந்தால் கோபித்திருக்கலாம். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருக்கலாம். அவள் கேட்டது 'பிறகு என்ன?' என்பது மட்டும்தான். மிச்சத்தையும் வாசித்து முடித்தார். அவள் முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"அண்ணை எழுதினதில்லை இது."

"அச்சகக்காரர் எழுதினது."

"தெரியுது. அண்ணை எண்டால் உன்னைக் 'குணமுடைய' எண்டு எழுதியிருக்காது. அந்த மனிசனுக்குப் பொய் எழுதத் தெரியாது."

இராசநாயகத்துக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பல்லைக் கடித்து நிறுத்தினார்.

"குரல் மட்டும் மாறேல்லை," என்றாள். "ரயில் வாறதை அறிவிக்கிற குரல். எவ்வளவு பிந்தினாலும் மன்னிப்புக் கேக்காது. ஐயாவின்ரை எங்கை கிடக்கு?"

அவர் மூன்றாவது கொடியைக் காட்டினார். அவள் போய் அதன் மட்டையை விரலால் தடவினாள்.

"இதையும் வாசிக்கட்டோ?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரியாது.

"வேண்டாம். இது எனக்கு மனப்பாடம். அச்சடிச்ச கிழமையே அண்ணை மயிலிட்டிக்குக் கொண்டுவந்து என்ரை கையிலை தந்தது. தந்திட்டு வாசல்படியிலை இருந்து அழுதது. எனக்கு அந்த மனிசனைத் தேத்திறதே பெரும்பாடாய்ப் போச்சு."

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அண்ணை மயிலிட்டிக்குப் போனாரா? 1984இல் இராசநாயகத்துக்குக் காங்கேசன்துறை ஸ்ரேசனில்தான் வேலை. மயிலிட்டிக்குப் போவதென்றால் அண்ணை அவருடைய மேடையில் இறங்கித்தான் போயிருக்கவேண்டும். எத்தனை முறை இறங்கியிருப்பார்? "சும்மா கடல் பாக்க வந்தனான்" என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாரே, அதெல்லாம்?

*

மூன்று மணிக்குப் பந்தல் நிரம்பிவிட்டது. முன்வரிசைக் கதிரைகளில் சொந்தம். நடுவில் தம்பிஐயா, கைத்தடியை முழங்காலுக்கு இடையில் ஊன்றிக்கொண்டு. இடப்பக்கத்தில் இராசநாயகம், வீட்டுக்குப் போய் எடுத்துவந்த ஃபைல் மடியில். பின்னால் பாலேஸ்வரி. கடைசி வரிசைக்கும் பின்னால், பந்தல் காலோடு, நூல் சேலை. இராசநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எங்கே நிற்கிறாள் என்று முதுகுக்குத் தெரிந்தது.

விளக்கேற்றினார்கள். மாலை போட்டார்கள். மாஸ்ரரிடம் படித்த ஒரு பெரிய டொக்டர் பேசினார், அவர் அடித்த அடியைப் பற்றி அதிகம் பேசினார். சின்னப் பிள்ளைகள் கும்மி அடித்தார்கள். ஒரு பிள்ளை நடுவில் தாயைக் கண்டு கையசைத்ததில் வட்டம் குழம்பிச் சபை சிரித்தது.

பிறகு மயிலிட்டிக்காரர் வந்தார்கள். பன்னிரண்டு பேர். சாரமும் வெள்ளைச் சேட்டும். முன்னால் நின்றவன் மைக்கைப் பிடித்தான். நாற்பது வயதுக்கு மேல். இடது தோள் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"என்ரை பெயர் சுபாஸ்கரன். இடம்பெயர்ந்திட்டுத் திரும்பி ஊருக்குப் போன நாளிலை இருந்து மாஸ்ரர் எங்கடை வீட்டு விறாந்தையிலை இருந்துதான் இந்தக் கரைவலைப் பாட்டுகளை எழுதி எடுத்தவர். நாங்கள் மறந்த அடியெல்லாம் அவருக்குத்தான் ஞாபகம். இண்டைக்கு அவர் எழுதினதைப் பாத்து நாங்கள் பாடுறம். மேடையிலை இழுக்க இடம் காணாது. முன்னுக்கு இருக்கிற பெரியாக்கள் கொஞ்சம் காலைத் தூக்குங்கோ."

மாஸ்ரர் என்றான். மாமா என்று சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது இராசநாயகத்துக்குக் கேட்டது.

கனமான கயிறு மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசைக் காலடியால் பந்தலின் மறுமுனைக்குப் போனது. ஏலேலோ என்று ஒரு பக்கம் எடுக்க மறுபக்கம் இழுத்தது. கயிறு உரசிப் போனபோது தம்பிஐயா கைத்தடியைத் தூக்கிக்கொண்டு "சீ, என்ன இது!" என்றார். பின்னால் பாலேஸ்வரி சத்தமில்லாமல் சிரித்தது இராசநாயகத்துக்குத் தெரியும்.

பாட்டு நீண்டது. அடுத்தது அவர்தான். ஃபைலைத் திறந்தார். அச்சடித்ததை வெளியே எடுத்தார். அடியில் மண்ணிற உறை இருந்தது. மூன்று நாளாகத் தொடாத உறை. இப்போதும் தொடவேண்டியதில்லை. ஆனால் தொடாமல் இருப்பதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. அன்று அது காணவில்லை.

அண்ணையின் எழுத்து, கறுப்பு மையில். பாட்டு இரண்டு பக்கம். 'கூடப்பிறந்தார் இருவர்' என்று இரண்டு பெயரும் அடுத்தடுத்து, ஒரே அளவில் இருந்தன. இராசநாயகத்துக்கு அடைமொழி ஒன்றும் இல்லை.

பாட்டுக்குக் கீழே ஒரு கோடு. அதன் கீழ் வசனம். அண்ணை தன் புத்தகம் ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒட்டுகிற பிழைதிருத்தத் துண்டு மாதிரியே எழுதியிருந்தார்.

'பிழைதிருத்தம்: என் தகப்பனார் கல்வெட்டு, 1984, பக்கம் 4, வரி 12. மக்கள் இருவர் என்றிருப்பதை மக்கள் மூவர் என்று திருத்தி வாசிக்கவும். அவ்வாறு எழுதும்படி என்னை ஒருவரும் வற்புறுத்தவில்லை. பிழை என்னுடையது மட்டுமே. வே. நமசிவாயம்.'

இராசநாயகம் அதை இரண்டு தரம் வாசித்தார்.

பொய் எழுதத் தெரியாத மனிதர் என்று மத்தியானம் ஒருத்தி சொன்னாள். தெரிந்திருக்கிறது. வாழ்நாளில் தானாக விரும்பி ஒரே ஒரு பொய் எழுதியிருக்கிறார். தம்பியின் மானத்துக்காக.

ரயில்வேயில் ஒரு முறை உண்டு. பதிவேட்டில் பிழையாக எழுதினால் அழிக்கக்கூடாது, தாளைக் கிழிக்கக்கூடாது. பிழை தெரியும்படி ஒற்றைக் கோடு கீறி, மேலே சரியை எழுதி, எழுதியவனே கையொப்பம் வைக்கவேண்டும். ஒருவன் விட்ட பிழைக்கு இன்னொருவன் கையொப்பம் வைப்பது அங்கே பிழையிலும் பெரிய குற்றம். முப்பத்தேழு வருடத்தில் இராசநாயகம் தன் பிழை ஒன்றையும் மற்றவன் தலையில் வைத்தவர் அல்ல. அந்தப் பெருமையோடுதான் இளைப்பாறினார்.

இங்கே அண்ணை தன் கையொப்பத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அடுத்ததாக, குடும்பத்தினர் சார்பில் கல்வெட்டு வாசித்தல்," என்றான் கோபிசங்கர்.

இராசநாயகம் எழுந்தார். தம்பிஐயா அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அச்சுத் தாள் அல்ல என்று கண்டுகொண்டார்.

"என்னடா அது?"

இராசநாயகம் மேடைக்குப் போய் மைக்கைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தார். முதுகு நிமிர்ந்தே இருந்தது. அண்ணை எழுதியதை முதல் வரியிலிருந்து வாசித்தார். நாகேஸ்வரி என்ற பெயர் வந்தது. சபையில் கதிரைகள் அசைந்தன. நிறுத்தவில்லை. பிழைதிருத்தத்தையும் வாசித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"உந்தப் பிழைதிருத்தத்திலையும் ஒரு பிழை இருக்கு," என்றார். "ஒருவரும் வற்புறுத்தவில்லை எண்டு அண்ணை எழுதியிருக்கிறார். அது சரியில்லை. வற்புறுத்தினது நான். போன வருசம் அச்சடிச்ச அண்ணையின்ரை கல்வெட்டு, பக்கம் இரண்டு. கூடப் பிறந்த ஒருவன் எண்டு இருக்கு. அதுவும் நான் விட்டது. இருவர் எண்டு திருத்தி வாசிக்கவும். மற்றவர் என்ரை அக்கா, நாகேஸ்வரி."

மன்னிப்புக் கேட்கவில்லை. ரயில் வருவதை அறிவிக்கிற குரலிலேயே சொன்னார். சொல்லிவிட்டு இறங்கினார்.

கைதட்டுவதா விடுவதா என்று சபைக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் கைத்தடி நிலத்தில் தட்டுப்பட்ட சத்தம்தான் முதலில் கேட்டது. தம்பிஐயா எழுந்து, இராசநாயகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"கொப்பர் இண்டைக்குத்தான் செத்தார், இராசநாயகம். இனி என்ரை வீட்டுப் படலை உனக்குத் திறக்காது."

"சரி அண்ணை."

வேறு என்ன சொல்வது? தம்பிஐயா போனார். அவரோடு இன்னும் மூன்று பேர் எழும்பினார்கள். முன்வரிசையில் நாலு கதிரை வெறுமையானது. கோபிசங்கர் பதறிப்போய் நன்றியுரையைத் தொடங்கினான்.

*

சனம் கலைகிறபோது இராசநாயகம் மண்டபத்துக்குள் நின்றார். தகப்பனாரின் கல்வெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, நாலாம் பக்கத்தைத் திறந்து, 'இருவர்' என்ற சொல்லின் மேல் ஒற்றைக் கோடு கீறினார். மேலே 'மூவர்' என்று எழுதினார். கையொப்பம். திகதி. நேரம் 5.52. அண்ணையுடையதிலும் அப்படியே, 'ஒருவன்' என்பதைக் கீறி 'இருவர்' என்று. 'குணமுடைய' என்ற சொல்லில் பேனை ஒரு கணம் நின்றது. விட்டுவிட்டார்.

வாசலில் வினோஜா நின்றாள். அவர் கண்டும் காணாத மாதிரிப் பேனையை மூடினார்.

"அந்த நூல் நல்ல உரமான நூல், பிள்ளை," என்றார்.

"ஓம் அப்பா," என்றாள். கண்ணைத் துடைத்த விரலில் இருந்த பசை இமையில் ஒட்டிக்கொண்டது.

அவளுக்குப் பின்னால் சுபாஸ்கரன் வந்தான். கயிற்றைத் தோளில் சுற்றியிருந்தான்.

"அம்மா வானிலை இருக்கிறா…" கொஞ்சம் தயங்கினான். "மாமா."

"இறங்கி வரமாட்டாவாமோ?"

"மாட்டாவாம். 'ஐம்பது வருசம் படலைக்கு வெளியிலை நிண்டது நான். இனி அவன் நடக்கட்டும்' எண்டு சொல்லுறா."

இராசநாயகம் தலையாட்டினார். நியாயம்தான்.

"இன்னொண்டும் சொல்லச் சொன்னவ. பெரியமாமா உங்களுக்கும் ஒரு கல்வெட்டு எழுதி எங்கடை வீட்டிலை வைச்சிருக்கிறார்."

"எனக்கோ? நான் உயிரோடை எல்லோ நிக்கிறன்!"

"நானும் அப்பிடித்தான் கேட்டனான். 'நான் முந்திப் போனால் தம்பி அச்சகக்காரன்ரை கையிலை அம்பிட்டிடுவான், பாவம்' எண்டு எழுதினவராம்."

"என்ன எழுதியிருக்கு?"

"அம்மா வாசிச்சவ. எங்களுக்குச் சொல்லுறா இல்லை." சுபாஸ்கரன் சிரிப்பை அடக்கினான். "'குணமுடைய' எண்டு போட்டிருக்கோ இல்லையோ எண்டு ஆளே வந்து பாக்கட்டாம்."

வெளியே வான் ஹோர்ன் அடித்தது. ஒரு முறை. பொறுமையில்லாத அடி. சுபாஸ்கரன் ஓடினான்.

பாலேஸ்வரி குடையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வெறுமையான முன்வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கணவரின் சால்வையைத் தோளில் சரிசெய்துவிட்டாள்.

"வீட்டை போவமோ?"

இராசநாயகம் அந்த இடத்திலேயே நின்றார். காங்கேசன்துறைப் பாதையில் திரும்ப ரயில் ஓடத் தொடங்கிப் பத்து வருடமாகிறது. அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

"காலமை வடக்கை போற முதல் ரயில் எத்தினை மணிக்கு?"

"கேக்கிற ஆளைப் பாருங்கோ," என்றாள் பாலேஸ்வரி. "ஸ்ரேசன் மாஸ்ரருக்கு நான் நேரம் சொல்லவேணுமாம்!"